நிலாவில் கேமராவைப் பிடித்தது யார்?

கேள்வி இது: "1969-இல் நம் ஊரில் டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் நிலாவிலிருந்து நேரடி ஒளிபரப்பு எப்படி முடிந்தது? முதலில் இறங்கியவர் ஆம்ஸ்ட்ராங் என்றால், அவர் இறங்குவதைக் கீழே நின்று எடுத்தவர் யார்? படம் ஏன் பேய்ப்படம் மாதிரி மங்கல்? கடைசிப் பயணத்தில் கலம் கிளம்பி மேலே போகும்போது கேமராவும் கூடவே நிமிர்கிறதே, அதைத் திருப்பியது யார்? 2023-இல் சந்திரயான்-3 இறங்கியபோது மட்டும் ஏன் கிராஃபிக்ஸைக் காட்டினார்கள்?"

இப்படிக் கேட்பவர்களைச் சதிக்கோட்பாட்டுக்காரர் என்று விரட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்துமே நியாயமான கேள்விகள். நான் கல்யாண வீடியோவில் தொடங்கி, டிவி சேனல்களின் வெளிப்புற ஒளிபரப்பு வேனில் வந்து சேர்ந்தவன். ஒரு படத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவதுதான் பிழைப்பு. அந்த வேலையில் இருப்பவர்கள் ஸ்பாட்டுக்குப் போனதும் முதலில் கேட்பது "கேமரா என்ன மாடல்?" என்று இருக்காது. "லிங்க் எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் இருக்கும். படத்தைச் சுமந்து போகிற ரேடியோ வழிக்குத்தான் லிங்க் என்று பெயர். நீங்கள் கேட்ட ஐந்தில் நாலுக்குப் பதில் அந்த லிங்க்கில்தான் இருக்கிறது.

அப்போலோ 11-இன் இறங்குகலம் ஈகிளில் டிவிக்கென்று தனி டிரான்ஸ்மிட்டர் கிடையாது. இரண்டு வீரர்களின் பேச்சு, அவர்களின் இதயத் துடிப்பு, பேட்டரி நிலவரம், தொட்டியில் ஆக்சிஜன் எவ்வளவு என்ற கணக்கு, எல்லாமே எஸ்-பேண்ட் என்கிற ஒரே ரேடியோ இணைப்பில் பூமிக்கு வந்தாக வேண்டும். அனுப்பும் திறன் சுமார் 20 வாட். கடக்க வேண்டிய தூரம் சுமார் 3,84,000 கிலோமீட்டர். உயிருக்கு வேண்டிய தகவல்களை எல்லாம் பந்தியில் உட்கார வைத்த பிறகு டிவிக்கு மிஞ்சிய இலை 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம். அன்றைக்கு அமெரிக்க வீடுகளில் ஓடிய ஒரு சாதாரண சேனலின் படத்துக்கே 4.2 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதாவது எட்டில் ஒரு பங்கு.

அதற்குள் படத்தை அடக்க ஒரே வழி, படத்தைக் குறைப்பது. அமெரிக்க டிவியில் நொடிக்கு 30 படம், ஒரு படத்துக்கு 525 கோடு. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் ஸ்டான் லெபாரின் குழு செய்த நிலா கேமராவில் நொடிக்கு 10 படம், படத்துக்கு 320 கோடு. பெருக்கிப் பாருங்கள். நொடிக்கு 15,750 கோடு போக வேண்டிய இடத்தில் 3,200 கோடு. கறுப்பு வெள்ளைதான். கேமரா சுமார் 3.3 கிலோ, தின்னும் மின்சாரம் இன்றைய சின்ன எல்இடி பல்பு ஒன்றின் அளவு. உள்ளே இருந்த படக்குழாய், அதாவது வெளிச்சத்தைச் சிக்னலாக மாற்றும் குழாய், இருட்டில் பார்க்க வேண்டும் என்ற ராணுவத் தேவைக்காக வளர்க்கப்பட்ட ரகம். நிலாவில் கலத்தின் நிழலுக்குள் ஏணி இருக்கும். அந்த நிழலுக்குள் இறங்குகிற ஆள் தெரிய வேண்டுமே. இத்தனைக்கும், எடை மிச்சம் பிடிக்கக் கேமராவையே விட்டுவிட்டுப் போகலாம் என்ற பேச்சும் நாசாவுக்குள் இருந்திருக்கிறது.

சரி, கீழே நின்று எடுத்தது யார்? யாரும் இல்லை. ஈகிளின் வயிற்றுப் பகுதியில், ஏணிக்குப் பக்கத்தில், கருவிகளை அடுக்கி மடக்கி வைத்த ஒரு பலகை இருந்தது. பழைய வீடுகளில் சுவரோடு மடக்கி வைக்கிற மேசை மாதிரி. ஆம்ஸ்ட்ராங் வாசலைவிட்டு வெளியே வந்து, ஏணியில் இறங்குவதற்கு முன்பு, ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தார். பலகை தொப்பென்று விரிந்தது. அதில் கேமரா ஏற்கெனவே ஏணியைப் பார்த்தபடி பொருத்தப்பட்டிருந்தது. உள்ளே இருந்த ஆல்ட்ரின் சுவிட்சைப் போட்டார். அவ்வளவுதான். பிற்பாடு ஆம்ஸ்ட்ராங் அதைக் கழற்றி எடுத்துப்போய்க் கொஞ்ச தூரத்தில் முக்காலியில் வைத்தார். கேபிள் தரையில் சுருண்டு கிடந்து அவர் காலில் மாட்டியது தனிக் கதை. விழாப் பந்தலில் கேபிளில் கால் தடுக்காத கேமராமேனை நான் பார்த்ததில்லை; நிலாவிலும் அதே கதைதான்.

அந்தப் பலகையில் கேமராவைத் தலைகீழாகத்தான் மாட்டியிருந்தார்கள். கேமராவின் மேல்பக்கம்தான் தட்டையாக இருந்தது. அதிர்வு தாங்கும்படி உட்கார வைக்க அந்தப் பக்கம்தான் தோதுப்பட்டது. ஆகவே வரும் படமும் தலைகீழ். இது முன்கூட்டியே தெரிந்த விஷயம். தரை நிலையங்களில் படத்தைப் புரட்ட ஒரு சுவிட்சே வைத்திருந்தார்கள். ஆனாலும் படம் வந்த முதல் விநாடிகளில் உலகம் பார்த்தது தலைகீழ்ப் படம்தான். கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து வந்த படம் அப்படித்தான் திரையில் தொங்கியது. ஏதோ கறுப்பும் வெள்ளையும் அப்பிய திட்டுகள். எது தரை எது வானம் என்று பிடிபடாது. இன்றைக்கும் அந்தப் பதிவு கிடைக்கிறது. திடீரென்று படம் நேராகிற இடத்தைக் கவனியுங்கள். நேரலை வேலை பார்த்த எவருக்கும் வயிற்றைப் பிசைகிற விநாடிகள் அவை.

படத்தை வாங்கியவை மூன்று தட்டு ஆன்டெனாக்கள். கோல்ட்ஸ்டோனில் 64 மீட்டர் அகலம். ஆஸ்திரேலியாவில் கான்பெரா பக்கம் ஹனிசக்கிள் கிரீக்கில் 26 மீட்டர். அதே நாட்டில் ஆட்டு மந்தைகள் மேயும் சமவெளியில் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி, 64 மீட்டர். ஆம்ஸ்ட்ராங்கின் கால் தரையைத் தொட்ட காட்சி ஹனிசக்கிள் கிரீக் வழியாக வந்தது. பெரிய தட்டை விட்டுச் சின்னத் தட்டின் படத்தை எடுத்துக்கொண்டது ஹூஸ்டனில் நாசாவின் கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் முடிவு. அந்த நேரத்துக்கு அதுதான் தெளிவாக இருந்தது. ஒன்பது நிமிடம் ஆவதற்குள் பார்க்ஸின் படத்துக்கு மாறி, மீதி இரண்டரை மணி நேரமும் அதிலேயே ஓட்டினார்கள்.

பார்க்ஸில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நிலா அங்கே அப்போதுதான் உதித்துக்கொண்டிருந்தது. அதனால் தட்டை எவ்வளவு சாய்க்க முடியுமோ அவ்வளவும் சாய்த்துக் காத்திருந்தார்கள். அந்த நிலையில் தட்டு காற்றுக்கு முழு மார்பையும் காட்டி நிற்கும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு முறை காற்று வந்து மோதியது. கட்டுப்பாட்டு அறையே ஆடியது. பாதுகாப்பு விதிப்படி பார்த்தால் தட்டை நிமிர்த்திப் பூட்டியிருக்க வேண்டும். அவர்கள் நிறுத்தவில்லை. காற்று கொஞ்சம் தணிந்தது; நிலா தட்டின் பார்வைக்குள் வந்தது; ஆல்ட்ரின் கேமராவைப் போட்டார். மூன்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்.

இனி அந்த மங்கல். இதற்கு எங்கள் தொழிலில் எல்லாருக்கும் புரிகிற பெயர் ஒன்று இருக்கிறது: தியேட்டர் பிரிண்ட். புதுப்பட ரிலீஸ் அன்று எவனாவது தியேட்டரில் உட்கார்ந்து திரையைக் கேமராவில் பிடித்து விற்பானே, அதுதான். நிலாவிலிருந்து வந்தது நொடிக்கு 10 படம், 320 கோடு. எந்த நாட்டு வீட்டு டிவியும் இதை வாங்கிக் காட்டாது. டிஜிட்டலில் மாற்றிக்கொள்ள அன்றைக்கு வசதி இல்லை. அதனால் தரை நிலையத்தில் என்ன செய்தார்கள் என்றால், வந்த படத்தை ஒரு தரமான மானிட்டரில் ஓடவிட்டு, அதற்கு எதிரே ஒரு சாதாரண டிவி கேமராவை நிறுத்தித் திரையைப் படம் பிடித்தார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை, அதே படத்தைக் காந்தத் தட்டில் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டி நிரப்பினார்கள். ஆள் நகர்ந்தால் பின்னாலேயே இன்னோர் ஆள் ஆவி மாதிரி ஒட்டிக்கொண்டு வருவது இந்த மாற்றத்தில் உண்டானதுதான். அந்த நகல் பிறகு சிட்னி போய், பசிபிக் மேலுள்ள செயற்கைக்கோள் வழியாக அமெரிக்கா போய், ஹூஸ்டனைத் தொட்டு, அங்கிருந்து உலகத்துக்குப் பிரிந்தது. கல்யாண கேசட்டை நகலெடுத்து, அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, மாமா வீட்டில் போட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

நிலாவில் எடுத்த போட்டோக்கள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கின்றன, டிவி மட்டும் ஏன் இப்படி என்று சிலர் மடக்குவார்கள். அந்தப் போட்டோக்கள் ஹாசல்பிளாட் கேமராவில், 70 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தவை. ஃபிலிம் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, லேபில் கழுவப்பட்டது. லிங்க் என்ற கழுத்துக்குள் அது நுழையவே இல்லை.

அப்போது சுமார் 60 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. நமக்கு அது ஜூலை 21, திங்கட்கிழமை காலை 8.26. பார்க்க டிவிதான் இல்லை. இந்தியாவில் டிவி இருந்த ஒரே ஊர் டெல்லி. சென்னைக்கு அது வந்து சேர்ந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். நம்மவர்களுக்கு நிலாப் பயணம் ரேடியோவும் பேப்பரும்தான்.

இந்த லிங்க் நெருக்கடி 1969-இல் புதிதாக முளைத்ததும் இல்லை. முந்தைய பத்து வருடக் கதையே அதுதான். 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 நிலாவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படமெடுத்தபோது, டிவி குழாயை நம்பாமல், ஃபிலிமில் எடுத்து, கலத்துக்குள்ளேயே கழுவிக் காயவைத்து, பிறகு ஒரு ஒளிப்புள்ளியை அதன் மேல் ஓடவிட்டுக் கோடு கோடாக அனுப்பினார்கள். ஒரு போட்டோ ஸ்டுடியோவையே சுருட்டி அனுப்பிய வேலை. அமெரிக்காவின் ரேஞ்சர் 7 வேறு வழி பிடித்தது. 1964 ஜூலை 31 அன்று ஆறு டிவி கேமராக்களோடு நேராக நிலாவில் போய் மோதி நொறுங்கியது. நொறுங்குவதற்கு முந்தைய கால் மணி நேரத்துச் சொச்சத்தில் 4,308 படங்கள். எடுத்ததை வைத்துக்கொள்ள இடமும் இல்லை, நேரமும் இல்லை. எடுக்க எடுக்க அனுப்பிக்கொண்டே விழுந்தது. அதற்கு முன்பு போன ரேஞ்சர் 6 குறி தப்பாமல் போய் விழுந்தும் ஒரு படம்கூட அனுப்பவில்லை. ராக்கெட் ஏறும்போதே கேமராவின் மின்சாரம் தானாக இயங்கி, தீப்பொறி பறந்து எரிந்து போயிருந்தது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது மாரினர் 4. 1965 ஜூலையில் செவ்வாயை உரசிக்கொண்டு போன கலம். டிவி கேமரா எடுத்த படத்தை நாடாவில் பதிந்துகொண்டு, பிறகு மெதுவாக அனுப்பியது. மெதுவாக என்றால் நொடிக்கு எட்டேகால் பிட் சுமாருக்கு. ஒரு படத்தில் அகலம் 200 புள்ளி, உயரம் 200 புள்ளி. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் சொல்ல 6 பிட். மொத்தம் 2,40,000 பிட். ஒரே ஒரு படம் வந்து சேரக் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். வாட்ஸ்அப்பில் "குட் மார்னிங்" படம் சுற்றிக்கொண்டே நின்றால் நமக்கு வரும் எரிச்சலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவில் ஜேபிஎல் ஆய்வகத்துப் பொறியாளர்களுக்கும் அதே எரிச்சல். நாடா சரியாக ஓடியதா என்ற சந்தேகம் வேறு. கணினி படத்தை உருவாக்கும் வரை பொறுமை இல்லை. வந்த எண்களைக் காகிதப் பட்டைகளில் அச்சடித்து எடுத்தார்கள். பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் ஒட்டினார்கள். கடையில் கலர் சாக்பீஸ் வாங்கிவந்து, இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை மஞ்சள், இது சிவப்பு, இது பழுப்பு என்று பிரித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கட்டத்துக்குக் கட்டம் வண்ணம் தீட்டினார்கள். செவ்வாய்க் கிரகத்தின் விளிம்பு வளைந்து தெரிந்தது. வேறொரு கிரகத்திலிருந்து வந்த முதல் டிவி படம் கைவண்ணத்தில் பிறந்தது. அந்த ஓவியத்தைச் சட்டம் போட்டு ஆய்வகத்தின் தலைவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம், 1966 பிப்ரவரி 3-இல், லூனா 9 நிலாவில் மெல்ல இறங்கி, தரையில் நின்றபடி முதல் படங்களை அனுப்பியது. மாஸ்கோ அந்தப் படங்களை வெளியிடும் முன்பே அவை இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்துவிட்டன. ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கியில் சிக்னலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கீச்சொலி எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பத்திரிகை அலுவலகங்கள் தந்தி வழியாகப் படம் அனுப்பும் கருவியின் சத்தம் அது. டெய்லி எக்ஸ்பிரஸ் ஆபீசிலிருந்து அப்படி ஒரு கருவியை வரவழைத்துச் சிக்னலைக் கொடுத்தார்கள். நிலாவின் கற்கள் அச்சாகி வெளியே வந்தன. என்ன, நீள அகல விகிதம் தெரியாததால் கற்கள் எல்லாம் உண்மையைவிட ஒடுங்கி, நெட்டுக்குத்தாக நின்றன.

மறுபடியும் அப்போலோவுக்கு. பதினொன்றில் கறுப்பு வெள்ளையைப் பார்த்த உலகத்துக்கு, பன்னிரண்டில் கலர் காட்டுவதாகத் திட்டம். 1969 நவம்பர் 19. கேமராவைப் பலகையிலிருந்து எடுத்து முக்காலிக்கு மாற்றும்போது வீரர் ஆலன் பீனின் கையில் லென்ஸ் சூரியன் பக்கம் திரும்பிவிட்டது. படக்குழாய் வெந்துபோனது. திரையில் ஒரு பகுதி வெறும் வெள்ளை, மீதி கறுப்பு. பீன் சுத்தியலால் கேமராவைத் தட்டியும் பார்த்தார். டிவியின் தலையில் தட்டினால் படம் வரும் என்பது நம் வீட்டுப் பழக்கம் மட்டும் இல்லை போல. வரவில்லை. அமெரிக்க சேனல்கள் மணிக்கணக்கில் வாங்கிவைத்த நேரத்தை நிரப்ப, குரலை மட்டும் ஓடவிட்டு ஸ்டுடியோவில் நடிகர்களையும் பொம்மைகளையும் நடக்கவிட்டன.

இன்றைய பிள்ளைகளுக்கு இது புரியாது. செல்போனைச் சூரியனுக்கு நேரே காட்டி செல்ஃபி எடுக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. டியூப் கேமரா அப்படி இல்லை. நான் உதவியாளாக லைட் பிடித்த காலத்தில் முகூர்த்தத்துக்குப் பிறகு ஆரத்தி எடுப்பார்கள். கற்பூரத் தட்டு சுற்றச் சுற்ற அதன் பின்னால் வால்நட்சத்திரம் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு திரையில் தங்கிவிடும். வெளிச்சம் போனாலும் குழாய் அதைச் சட்டென்று மறக்காது. ஒருமுறை மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, ஓடிக்கொண்டிருந்த கேமராவை மண்டப மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் சூரியன் லென்ஸுக்குள் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் அந்தக் கேமராவில் எடுத்த எல்லாக் கல்யாணத்திலும் பெண்ணின் நெற்றிக்குப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார். ஆலன் பீனின் மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்கு அதுதான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை. தன் கேமராவைப் பறிகொடுத்த பீன், கிளம்பும்போது வேறொரு டிவி கேமராவை நிலாவிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தார். அவர்கள் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் 1967 ஏப்ரலில் ஆளில்லாமல் இறங்கிய சர்வேயர் 3 நின்றுகொண்டிருந்தது. அதன் கேமராவைப் பீனும் கூட இறங்கிய பீட் கான்ராடும் வெட்டி எடுத்தார்கள். இரண்டரை வருடம் நிலாவின் வெயிலிலும் குளிரிலும் நின்ற அந்தக் கேமரா இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது.

அப்போலோ 11-இன் தெளிவான மூலப் பதிவு எங்கே என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. தியேட்டர் பிரிண்ட் ஆவதற்கு முன்பு, நிலாவிலிருந்து வந்த சிக்னலை அப்படியே தரை நிலையங்களில் அகலமான காந்த நாடாக்களில் பதிந்திருந்தார்கள். 2000-களில், ஓய்வுபெற்ற லெபாரும் இன்னும் சிலரும் அவற்றைத் தேடிக் கிளம்பினார்கள். கிடைக்கவில்லை. 2009-இல் நாசாவே முடிவைச் சொல்லிவிட்டது: நாடாத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அழித்து, வேறு செயற்கைக்கோள்களின் தகவலைப் பதியப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இதைக் கேட்டால் சதி என்று சிலருக்குத் தோன்றுகிறது, எனக்குத் தோன்றவில்லை. நாடா விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் டிவி நிலையங்கள் எதையெதை எல்லாம் அழித்து மறுபடி பதிந்தன என்று அங்கே வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், அழுவார்கள். இப்போது நாம் பார்க்கும் சுத்தப்படுத்திய காட்சி, வெவ்வேறு இடங்களில் மிஞ்சியிருந்த நல்ல நகல்களைச் சேர்த்து 2009-இல் சீர்செய்தது.

அப்புறம் சந்திரயான்-3. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி தாண்டி, இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் கணினி வரைந்த கலம் ஒன்று இறங்கியது, பக்கத்தில் எண்கள். "1969-இல் முடிந்தது இப்போது முடியாதா?" என்று அன்றைக்கே எத்தனையோ பேர் கேட்டார்கள். பலர் மறந்துவிடும் விஷயம்: 1969-இலும் ஈகிள் இறங்கும் காட்சி நேரலையில் கிடையாது. அமெரிக்க டிவியில் அந்த நேரத்தில் ஓடியதும் அனிமேஷன்தான், பின்னணியில் வீரர்களின் குரல். இறங்கும் காட்சி என்று நாம் இன்று பார்ப்பது ஜன்னலில் மாட்டிய 16 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமரா எடுத்தது. அது பூமிக்குத் திரும்பி வந்த பிறகுதான் கழுவினார்கள். நேரலை தொடங்கியது இறங்கி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்து, ஆறரை மணி நேரம் கழித்து.

இறங்கும் அந்தச் சில நிமிடங்களில் கலம் சாய்கிறது, திரும்புகிறது, வேகம் குறைக்கிறது. அந்த நேரத்தில் லிங்க்கில் முதல் இடம் உயரம், வேகம், எரிபொருள் என்ற எண்களுக்குத்தான். மோசமாக ஏதாவது நடந்தால் காரணம் கண்டுபிடிக்க அவைதான் வேண்டும். விக்ரம் கலத்தில் கேமராக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு முதல் ரசிகர் நாம் கிடையாது, கலத்தின் கணினி. பாறை எங்கே, பள்ளம் எங்கே என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க அந்தப் படங்கள் உள்ளேயே செலவானவை. இறங்குவதை எடுத்த வீடியோ பதிவாகிக் காத்திருந்து, லிங்க் ஓய்ந்த பிறகு கீழே வந்தது. மறுநாளே இஸ்ரோ வெளியிட்டுவிட்டது. பார்த்திருப்பீர்கள், பள்ளங்கள் நிறைந்த தரை மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வரும். நேரலையாக அதைக் காட்ட முயன்று ஓர் உயர அளவீடு விட்டுப்போவதைவிட இதுவே சரி என்பது என் கட்சி.

கலம் கிளம்பும்போது கேமராவைத் திருப்பியது யார் என்ற நாலாவது கேள்வியை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். அப்போலோ 15 முதல் வீரர்களோடு ஒரு சின்ன வண்டியும் போனது. வண்டியின் முன்னால் ஆர்சிஏ கம்பெனியின் கலர் டிவி கேமரா. பக்கத்தில் கவிழ்த்த குடை மாதிரி விரிகிற ஓர் ஆன்டெனா. வண்டி ஓடும்போது படம் கிடைக்காது. நிறுத்தி, இறங்கி, குடையைப் பூமிக்கு நேரே திருப்பினால் வரும். அதற்குப் பிறகு வீரர்கள் கேமராவைத் தொடவே வேண்டாம். ஹூஸ்டனில் எட் ஃபெண்டல் என்பவர் மேசையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் நிலாவில் கேமரா இடம், வலம், மேல், கீழ் திரும்பும், ஜூம் ஆகும். அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட் ஒரு கையில் சுத்தியலும் ஒரு கையில் வல்லூறு இறகும் பிடித்து ஒன்றாக விட்டு, இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டதை உலகம் பார்த்தது இந்தக் கேமராவில்தான்.

தொல்லை என்னவென்றால் தூரம். இங்கிருந்து போகும் கட்டளைக்கு ஒன்றேகால் நொடிக்கு மேல், அங்கிருந்து திரும்பும் படத்துக்கு அதே அளவு. திரையில் பார்த்துவிட்டுத் திருப்பினால் ஆள் போய்ச் சேர்ந்திருப்பார். நடக்கிற வீரரைச் சமாளிக்கலாம். சட்டென்று எகிறுகிற கலத்தை என்ன செய்வது? அப்போலோ 15-இல் கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கும் பகுதி பழுது. கலம் ஒரே துள்ளில் படத்தைவிட்டு வெளியே போய்விட்டது. 16-இல் வண்டியை நிறுத்திய தூரம் கணக்கோடு ஒத்துவரவில்லை. அதிலும் முழுதாகக் கிடைக்கவில்லை.

கடைசிப் பயணமான 17-இல், 1972 டிசம்பர் 14 அன்று, ஃபெண்டல் திரையை நம்பவில்லை. கலம் எந்த நொடியில் எந்த உயரத்தில் இருக்கும் என்று முன்பே கணக்குப் போட்டு, அதிலிருந்து சிக்னல் போகும் நேரத்தைக் கழித்து, எந்த நொடியில் எந்தப் பொத்தான் என்று எழுதி வைத்துக்கொண்டார். எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொடும் முன்பே, கலம் தரையில் அசையாமல் நிற்கும்போதே, "மேலே" என்ற கட்டளை பூமியிலிருந்து கிளம்பிவிட்டது. தான் திரையைப் பார்க்காமலேயே செய்ததாக அவர் பிறகு சொல்லியிருக்கிறார். நீங்கள் பார்த்த, கூடவே நிமிர்கிற கேமரா அதுதான். நிலாவில் அப்போது நின்றுகொண்டிருந்தவர் யாரும் இல்லை.

அந்தக் காட்சியைக் கிடைத்தால் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கேமராவுக்குள் இருந்தது ஒரே படக்குழாய். கலர் எடுக்க அதன் முன்னால் சிவப்பு, நீலம், பச்சைக் கண்ணாடி பதித்த சக்கரம் ஒன்று நிமிடத்துக்கு 600 சுற்று சுமாருக்குச் சுழன்றது. ஒரு கணம் சிவப்புப் படம், அடுத்த கணம் நீலம், அதற்கடுத்து பச்சை. மூன்றையும் சேர்த்துக் கலர் ஆக்குவது ஹூஸ்டனில். அசையாத பாறைக்கு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக உட்காரும். வேகமாகப் பறக்கிற பொருளுக்கு உட்காராது. சிவப்பு எடுத்த கணத்தில் ஓரிடத்திலும் பச்சை எடுத்த கணத்தில் வேறிடத்திலும் இருக்கும். கலம் எழும்பும்போது அடிப்பாகத்தின் உறை கிழிந்து நாலா பக்கமும் சிதறும் இல்லையா, அந்தத் துணுக்குகள் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிந்து, கல்யாண ஊர்வலத்தில் வெடித்த கலர்க் காகிதம் மாதிரி பறக்கும்.